சிராய்ப்புக்கு எந்த டியூப்? மதுரையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு

படிக்கவோ வேலைக்கோ மதுரைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் இருந்தவரை அடிபட்டால் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருக்கும். இங்கே காளவாசல் பக்கம் வண்டி சறுக்கி முழங்கை தேய்ந்தால் நீங்களேதான் பார்த்தாக வேண்டும். பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: தெருமுனை மெடிக்கலுக்குப் போய், "அண்ணே, புண்ணுக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்பது, கிடைத்ததைப் பூசுவது. என் தம்பிக்கு அப்படிக் கிடைத்த டியூப்பில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. தானாக ஆறியிருக்க வேண்டிய சிராய்ப்பு நீர் கோத்து, சுற்றிலும் சிவந்து அரித்து, தோல் டாக்டரிடம் போய் நிற்கும்படி ஆனது. டாக்டர் ஃபீஸும் வேலைக்குப் போட்ட லீவும் டியூப் விலையைப் போலப் பல மடங்கு.

சிராய்ப்பு, காய் நறுக்கும்போது பட்ட கீறல், செருப்புக் கடி, சைலன்சர் சூடு போன்ற சின்னக் காயங்களுக்கு மட்டும்தான் இந்தக் கட்டுரை.

1. டியூப் போடுகிற காயம்தானா என்று முதலில் பாருங்கள்

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தால் மெடிக்கல் கடைக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. நடுநடுவே துணியைத் தூக்கிப் பார்த்தால் அது பத்து நிமிடக் கணக்கில் சேராது. காயத்தின் இரண்டு ஓரமும் விலகி வாய் பிளந்து நிற்கிறது. தையல் தேவைப்படும் காயத்தைச் சில மணி நேரத்துக்குள் காட்டினால் நல்லது, "காலையில் பார்க்கலாம்" என்று படுத்துவிடக் கூடாது. உதடு, கண் இமை, மூட்டு மேல் பட்ட ஆழமான வெட்டு. விரலை மடக்க முடியவில்லை, அல்லது மரத்துப்போன மாதிரி இருக்கிறது. ஆணியோ சீமைக்கருவேல முள்ளோ செருப்பைத் துளைத்து உள்ளே ஏறியிருக்கிறது. இந்த முள் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். மேலே புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே முனை ஒடிந்து தங்கியிருக்கும். மேலே பூசும் மருந்து அந்த ஆழத்துக்குப் போகவே போகாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் எந்தக் காயம் பட்டாலும் அது சின்னக் காயம் இல்லை. வலி தெரியாமலே பெரிதாகிவிடும்.

நாய், பூனை, குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ (அழகர்கோவில் போகிறவர்கள் குரங்கைக் கவனியுங்கள்) கதை வேறு. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, ஆயின்மென்ட் எதுவும் வேண்டாம். கட்டும் போடாதீர்கள். நாய்க்கடி ஊசி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஒரே ஊசியோடு முடிவதில்லை. தோலில் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள் என்று வரச் சொல்வார்கள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் போட வேண்டியிருக்கும். அவர்கள் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். தேதி எழுதித் தரும் அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தொலைந்தால் அடுத்த ஊசிக்கு அலைய நேரும்.

2. மருந்தைவிடத் தண்ணீர் முக்கியம்

கிருமியைக் கொல்வது மருந்தின் வேலை, தண்ணீர் சும்மா அழுக்கைப் போக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சின்னக் காயத்தில் பாதுகாப்பில் பெரும்பங்கு கழுவுவதில்தான் இருக்கிறது. கழுவாத காயத்தில் எவ்வளவு விலையுயர்ந்த ஆயின்மென்ட் பூசினாலும் மண்ணின் மேல் பூசியதுதான்.

முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்புறம் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சில நிமிடம் நன்றாக ஓடவிடுங்கள். சோப்பைக் காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் போட்டால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதியில் கொஞ்சம் எரியும், அதனால் கெடுதல் இல்லை. கலங்கலாக வந்தால் மட்டும் கடைசியாக ஒருமுறை கேன் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ரோட்டில் தேய்ந்த காயமென்றால் பொடிக்கல்லும் தார்த்தூளும் ஒட்டியிருக்கும். ஈரமான காஸ் துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். வலிக்கிறது என்று விட்டுவிட்டால் சீழ் பிடிக்கும். ஆறினாலும் கருநீலப் புள்ளியாகத் தோலுக்குள்ளேயே தங்கிவிடும், பச்சை குத்திய மாதிரி. துடைத்தும் வராவிட்டால் நோண்டாதீர்கள், நர்ஸ் எடுத்துவிடுவார்.

டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றாதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டும் காயத்துக்குள் வேண்டாம். நுரைப்பதையும் எரிவதையும் பார்த்தால் வேலை நடக்கிற மாதிரித் தோன்றும். ஆனால் ஆற உதவும் நல்ல திசுவும் சேர்ந்துதான் கெடுகிறது. காப்பித்தூள், சாம்பல், பற்பசை எதுவும் கூடாது. கிராமத்துப் பக்கம் வெட்டுக்காயப் பூண்டு பிழிந்துவிடுவார்கள். அந்தச் செடியில் என்ன குணம் இருந்தாலும், வரப்போரத்தில் பறித்த இலையோடு மண்ணும் சாணமும் காயத்துக்குள் போவதுதான் என் கவலை.

இன்னொரு பழக்கம் ஹாஸ்டல்களில் இன்னும் இருக்கிறது. ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துப் பொடியைக் காயத்தில் தூவுவது. அது வயிற்றுக்குள் போவதற்காகச் செய்தது. காயத்தில் கட்டி தட்டி, அடியில் சீழ் கோத்தாலும் வெளியே தெரியாமல் மூடிவிடும். சிலருக்கு அந்த மருந்தே ஒவ்வாமையாகிவிடும்.

3. டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள்?

துருப்பிடித்த இரும்பு பட்டால்தான் ஊசி போட வேண்டும் என்பது தவறு. டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. இரும்பு புதிதாகப் பளபளவென்று இருந்தாலும் மண் பட்டிருந்தால் ஆபத்துதான்.

சிறுவயதுத் தடுப்பூசிகளை முழுதாகப் போட்டவர்களுக்குக் கணக்கு எளிது. சுத்தமான சின்னக் காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் போட வேண்டும். மண், சாணம் பட்ட காயம், ஆழமாகக் குத்திய காயம் என்றால் 5 வருடம். எப்போது போட்டோம் என்றே தெரியாவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லை. பழைய டி.டி.க்குப் பதிலாக இப்போது டிப்தீரியாவுக்கும் சேர்த்த ஊசி வந்துவிட்டது, பெயர் வேறாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

போட்ட தேதியை போனில் குறித்து வையுங்கள். அது தெரியாததால்தான் ஒவ்வொரு முறை அடிபடும்போதும் ஊசி போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

4. கடையில் என்ன கேட்பது

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

சுத்தமாகக் கழுவிய சின்னக் காயத்துக்கு ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட் பெரும்பாலும் தேவையே இல்லை. சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி போதும். 1996-இல் அமெரிக்காவில் தோலில் சின்ன அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 900-க்கும் மேற்பட்டோரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, மறுபாதிக்கு பேசிட்ராசின் ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட் என்று பூசிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சீழ் பிடித்தவர்கள் மிகக் குறைவு, பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. ஒவ்வாமை வந்ததோ ஆன்டிபயாடிக் பூசிய பக்கத்தில் மட்டும். ஆனால் அவை டாக்டர் சுத்தமாகச் செய்த காயங்கள், பைபாஸ் ரோட்டில் தேய்த்துக்கொண்டவை இல்லை. நம் காயத்தையும் அந்தச் சுத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் கழுவுவதைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

அப்படியும் அழுக்கான சிராய்ப்பு, கிருமி மருந்து ஏதாவது பூசினால்தான் நிம்மதி என்றால், கடையில் கிடைப்பதை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டியூப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விடுங்கள், அடியில் பொடி எழுத்தில் "ஒவ்வொரு கிராமிலும்" என்று தொடங்கும் வரியைப் பாருங்கள்.

போவிடோன் அயோடின். பீட்டாடின் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். இது ஆன்டிபயாடிக் இல்லை, கிருமிநாசினி. அழுக்கான சின்னச் சிராய்ப்புக்கு முதல் ஓரிரு நாள் போடலாம். தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் விஷயத்தில் கேட்காமல் போடக் கூடாது.

நியோமைசின் வகை. நியோஸ்போரினில் நியோமைசின், பாலிமிக்சின், பேசிட்ராசின் மூன்றும் இருக்கின்றன. சோஃப்ராமைசினில் இருப்பது ஃப்ரமைசெடின். நம் ஊரில் அதிகம் விற்பது இவைதான். இதில் பொறி என்னவென்றால், நியோமைசின் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. பூசிய உடனே தெரியாது, சில நாள் கழித்துக் காயத்தைச் சுற்றி அரிப்பும் பொடிக் கொப்புளமும் கிளம்பும். புண் பெரிதாகிறது என்று நினைத்து அதே மருந்தை இன்னும் கூடுதலாகப் பூசுவார்கள். சரி, மருந்தை மாற்றுவோம் என்று நியோஸ்போரினை விட்டு சோஃப்ராமைசினுக்குப் போனாலும் பலன் இல்லை. ஃப்ரமைசெடின் என்பதும் நியோமைசினின் ஒரு வடிவமே. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பவுடராக வரும் மருந்துகளிலும் இதே நியோமைசின் இருக்கலாம்.

முபிரோசின், ஃப்யூசிடிக் ஆசிட். டி-பேக்ட், ஃப்யூசிடின் என்றெல்லாம் வரும். இவை ஏற்கெனவே சீழ் பிடித்த தோலுக்கு டாக்டர் பார்த்து எழுதுபவை. "நல்ல மருந்து தம்பி, சீக்கிரம் ஆறிடும்" என்று சும்மாச் சிராய்ப்புக்கும் எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம். தேவையில்லாமல் பூசிப் பூசிக் கிருமிகள் இந்த மருந்துக்குப் பழகிவிட்டால், நிஜமாகவே தேவைப்படும் நாளில் கேட்காது. அட்டையில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை என்பதற்காக அந்தக் கோடு இல்லாமல் போய்விடாது.

ஸ்டீராய்டு கலவை. தொடவே கூடாத வகை. பெட்னோவேட்-என் என்பதில் நியோமைசினோடு பீட்டாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டும் இருக்கிறது. பீட்டாமெத்தாசோன், குளோபெட்டாசால், டெக்ஸாமெத்தாசோன், மோமெட்டாசோன் ஆகியவற்றில் எந்தப் பெயர் கண்ணில் பட்டாலும் டியூப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூசியதும் சிவப்பும் அரிப்பும் அடங்கும், அதனால் நல்ல மருந்து என்ற பெயர் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால் காயம் ஆறுவது தள்ளிப்போகும், கிருமிக்கு வசதி, தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். படர்தாமரையில் பூசினாலோ அது உடம்பெல்லாம் பரவும். சேற்றுப்புண்ணும் படையும் பூஞ்சையால் வருபவை என்பதால் வெறும் ஆன்டிபயாடிக் ஆயின்மென்டும் அவற்றுக்குப் பயன்படாது.

ஆகவே கடையில் கேட்கும் முறையை மாற்றுங்கள். "அண்ணே, சிராய்ப்புக்கு. ஸ்டீராய்டு கலக்காததா குடுங்க. நியோமைசின் இல்லாம இருந்தா நல்லது." இவ்வளவு சொன்னால் கடைக்காரர் உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார், அப்புறம் சரியானதை எடுத்துக் கொடுப்பார்.

செலவு: சின்ன டப்பா பெட்ரோலியம் ஜெல்லி, ஸ்டெரைல் காஸ், காகித பிளாஸ்திரி மூன்றும் சேர்த்துச் சுமார் 150 ரூபாய்க்குள் அடங்கும், பல காயங்களுக்கு வரும். ஆயின்மென்ட் வாங்குவதென்றால் 5 கிராம் டியூப் போதும், 30 கிராம் வாங்கினால் பாதிக்கு மேல் வீணாகும். ஜன் அவ்ஷதி கடைகளிலும் கூட்டுறவு மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவு. மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும், கம்பெனிப் பெயரைச் சொன்னால் "இல்லை" என்றுவிடுவார்கள். எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். டியூப்பின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் டாக்டர் முதலில் கேட்பது, "என்ன பூசினீங்க?" என்பதுதான். "வெள்ளையா ஒரு க்ரீம் சார்" என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

5. பூசும் விதம்

கழுவிய இடத்தைச் சுற்றி ஒற்றித் துடைத்துவிட்டு, மெல்லிய படலமாகப் பூசுங்கள். அப்பினால் சீக்கிரம் ஆறாது. ஆன்டிபயாடிக் என்றால் ஒரு நாளைக்கு ஒன்று முதல் மூன்று முறை, ஒரு வாரத்துக்கு மேல் கூடாது. டியூப் முனையைக் காயத்தில் வைத்துத் தேய்க்காதீர்கள். அறையில் நாலு பேர் ஒரே டியூப்பைப் பயன்படுத்தினால் நாலு பேர் கிருமியும் அதில் சேரும்.

அப்புறம் காஸ் வைத்து மூடுங்கள். "காத்தாட விடு, காயட்டும்" என்பது இங்கே எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஆனால் ஈரப்பதத்தோடு மூடியிருக்கும் காயம்தான் பொருக்குத் தட்டாமல் சீக்கிரம் ஆறும், தழும்பும் குறையும். மதுரை வெயிலில் கட்டு வியர்வையில் நனைந்துவிடும், அதனால் தினம் ஒருமுறையும், நனைந்தாலோ அழுக்கானாலோ உடனேயும் மாற்றுங்கள். விரலைச் சுற்றி பிளாஸ்திரியை இறுக்கி ஒட்டாதீர்கள்.

டியூப்பை வண்டி சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் மருந்து உருகிப் பிரிந்துவிடும்.

6. சைலன்சர் சூடு

உடனே 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர். ஐஸ் வேண்டாம். கோடை மதியத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கொதிக்கும், குழாயைத் திறந்ததும் காலை நீட்டிவிடாதீர்கள். குடத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றுங்கள். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சூடு தணிந்தபின் பெட்ரோலியம் ஜெல்லியும் ஒட்டாத காஸும் போதும். உள்ளங்கையைவிடப் பெரிய தீக்காயம், அல்லது முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பில் பட்டது என்றால் டாக்டர்தான்.

7. எப்போது நிறுத்துவது, எப்போது ஓடுவது

முதல் இரண்டு நாள் லேசான சிவப்பும் வலியும் சகஜம். அதற்குப் பிறகு வலி கூடிக்கொண்டே போனால், சிவப்பு பரவினால், தொட்டால் சூடாக இருந்தால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் டாக்டரைப் பாருங்கள். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டால் பரவுகிறதா என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால் அன்றிரவே போக வேண்டும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினாலும் காட்டிவிடுங்கள்.

சீழ் இல்லை, வலி குறைவு, ஆனால் பூசிய இடமெல்லாம் அரிப்பு என்றால் மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். மருந்தை நிறுத்திவிட்டுக் கழுவுங்கள். குறையாவிட்டால் தோல் டாக்டரிடம் டியூப்பையும் கொண்டுபோங்கள். நியோமைசின் ஒவ்வாமை என்று டாக்டர் சொன்னால் அதை எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். சில கண், காது சொட்டு மருந்துகளிலும் அது உண்டு.

8. எங்கே போவது, என்ன எடுத்துப்போவது

சின்ன விஷயத்துக்கு உங்கள் வார்டின் நகர்ப்புற சுகாதார நிலையம் போதும். கட்டு மாற்றுவது, ஊசி, மாத்திரை எல்லாம் இலவசம். பெரியாஸ்பத்திரி என்று இங்கே சொல்வது பனகல் சாலையில் இருக்கும் அரசு இராஜாஜி மருத்துவமனையை. கோரிப்பாளையத்தில் இறங்கினால் நடை தூரம். ஓ.பி.க்குக் காலையிலேயே போய்விடுங்கள், அவசரப் பிரிவு இரவும் பகலும் உண்டு. ஆதார், பழைய ஓ.பி. சீட்டு, டியூப், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அந்தச் சீட்டு, குழந்தை என்றால் தடுப்பூசி அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார் இல்லை என்று போகாமல் இருக்காதீர்கள். கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்கள் என்றால் அந்த எண்ணும் கையில் இருக்கட்டும்.

இன்னொரு வண்டி இடித்து விழுந்திருந்தால், சிராய்ப்புதானே என்று ஆயின்மென்ட் பூசிக்கொண்டு அறைக்குத் திரும்பாதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். ஏ.ஆர். காப்பி என்பார்கள். நாலு நாள் கழித்துத் தோள்பட்டை தூக்க முடியவில்லை என்று தெரியவந்து இன்சூரன்ஸ் கேட்கப் போனால், முதல் நாள் காப்பியைத்தான் தேடுவார்கள். பெரிய அடியென்றால் 108. போகலாமா வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம், எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.

மீந்த டியூப்பில் திறந்த தேதியை எழுதி வையுங்கள். நிறமோ வாடையோ மாறியிருந்தால், எண்ணெய் தனியாகப் பிரிந்திருந்தால் காலாவதித் தேதி பாக்கியிருந்தாலும் எறிந்துவிடுங்கள். பக்கத்து அறைத் தம்பி வந்து கேட்டால் பெட்ரோலியம் ஜெல்லியில் கொஞ்சம் சுத்தமான ஸ்பூனால் எடுத்துக் கொடுங்கள், ஆன்டிபயாடிக் டியூப்பைக் கொடுக்க வேண்டாம்.